பெயரை அடிக்காதீர், பிள்ளையைத் தேடுங்கள்!

பொங்கற் பானையின் சூடு ஆறுமுன்பே அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரச் சிற்றூர்களில் பல வீட்டுக் கதவுகளில் பூட்டுத் தொங்குகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்தால் கண்மாயில் நீரில்லை. கரிசலில் பருத்தியில்லை, மல்லியில்லை, மிளகாயில்லை. முன்பணம் வாங்கிய குடும்பம் செங்கற் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ புறப்படுகின்றது. வேறு சிலர் சீமைக் கருவேலங் காடுகளிற் கரிமூட்டம் போடச் செல்கின்றனர். மூட்டத்தின் மண்பூச்சு வெடித்துக் காற்றுப் புகுந்தால் கரியெல்லாம் சாம்பலாய்விடும். ஆகவே இரவும் பகலும் அதற்குக் காவலாய்க் குடும்பமே காட்டிற் கிடக்கும். பிள்ளையை எவரிடம் விட்டுச் செல்வது? பிள்ளையும் உடன் செல்கின்றது.

பள்ளியாண்டு சூனில் தொடங்கி ஏப்பிரலில் முடிகின்றது. சூளைப் பருவமோ மழை ஓய்ந்த சனவரியில் தொடங்கிச் சூன் வரை நீள்கின்றது. எனவே, ஆண்டிறுதிப் பாடங்களும் தேர்வும் அப்பிள்ளைக்கு இல்லை. மறு வகுப்பின் தொடக்கப் பாடங்களும் இல்லை. இரு முனையும் கரிந்த ஏடு போன்றது அதன் கல்வி. பள்ளியிற் கிடைத்த காலையுணவும் நண்பகலுணவுங்கூட அன்றோடு நின்றுபோகின்றன. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்றுணர்ந்து பள்ளிதோறும் நண்பகலுணவைப் பரவச் செய்த காமராசர் பிறந்த மாவட்டத்தில் இந்நிலை!

பிறரைக் குறை கூறுமுன் எம் குறையையும் கூறிவிடுகின்றோம். பல்லாண்டுகட்கு முன், நான்காம் வகுப்பில் நெடுநாள் வாராதிருந்த ஒரு சிறுமியின் பெயரை யாமே சிவப்பு மையால் அடித்தோம். ஆடியில் அவள் திரும்பி வந்து, பழைய இடத்தில் அமர்ந்திருந்தாள். வருகைப் பதிவேட்டை முழுதும் படித்து முடித்தோம். அவள் பெயர் வரவில்லை. மறுநாள் அவளும் வரவில்லை. அந்தச் சிவப்புக் கோடு இன்றும் எம் கண்ணை விட்டு அகலவில்லை.

சட்டம் இல்லையா? உண்டு. 2010 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு அகவை வரையுள்ள பிள்ளை வேறு பள்ளிக்கு மாறுதற்கு உரிமை வழங்குகின்றது. மாற்றுச் சான்று இல்லையென்றோ காலந்தாழ்ந்ததென்றோ சேர்க்கையை மறுத்தல் கூடாது. இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று அதன் 9ஆம் பிரிவு கூறுகின்றது. இடைநின்ற பிள்ளையை அகவைக்கேற்ற வகுப்பிற் சேர்த்துத் தனிப்பயிற்சி அளிக்கவும் 4ஆம் பிரிவு வழிசெய்கின்றது.

ஆனால், அச்சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சூளை வாயிலுக்குச் செல்பவர் எவர்? இன்று ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் எண் உண்டு. கணிப்பொறியில் அவ்வெண் நொடியில் ஊர்விட்டு ஊர் செல்லும். பிள்ளையோ சூளையிற் கல் அடுக்கிக்கொண்டிருக்கும்! அமெரிக்க ஒன்றிய நாடுகளில், பயிரறுவடைக்காக ஊரூராய்ச் செல்லும் உழவுக் கூலிகளின் பிள்ளைகட்கென 1966இலேயே தனிக் கல்வித் திட்டம் வகுத்தனர். 1969இல், அவர்தம் கல்வி, உடல்நலக் குறிப்புகளைப் பள்ளிக்குப் பள்ளி அனுப்பக் கணிப்பொறி அமைப்பும் ஏற்படுத்தினர். அதனினும் சிறந்தது, அக்குடும்பங்களைத் தோட்டந்தோறும் தேடிச் சென்று பதிவதற்கென்றே பணியாளரை அமர்த்தியதாகும். நம்மிடம் எண் இருக்கின்றது. தேடும் கால்கள் இல்லை.

இதில் மொழியும் அடங்கியுள்ளது. மாநில எல்லை தாண்டும் நம் பிள்ளை, தான் அறியா மொழி நடுவே வாய்மூடி அமர்கின்றது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஏந்து செய்தல் வேண்டும் என்பது, 1956இல் அரசமைப்பிற் சேர்க்கப்பெற்ற 350அ பிரிவு. அதனை நம் பிள்ளைக்குக் கேட்கும் நாம், ஒடிசாவினின்று இங்கு வந்த பிள்ளைக்கும் தருதல் வேண்டும். திருவள்ளூர் மாவட்டச் சூளைகளில் அப்பிள்ளைகட்கு ஒடிய மொழியிற் கற்பித்ததுண்டு. அது தமிழுக்கு இழுக்கன்று, தமிழர்க்குப் பெருமை. அவர்க்குத் தமிழும் கற்பிப்போம். அவர் தாய்மொழியைப் பறியோம்.

தமிழாசிரியப் பெருமக்களே! மார்கழியிலேயே உங்கள் ஊரிற் புறப்படவிருக்கும் குடும்பங்களைப் பட்டியலிடுங்கள். செல்லுமிடம் கேட்டு, அவ்வூர்ப் பள்ளித் தலைமையாசிரியர்க்கு ஒரு மடல் எழுதுங்கள். பாட்டியிடம் விட்டுச்செல்ல இசைவோர்க்கு ஊரிலேயே பருவகால உண்டுறைவிடம் கேளுங்கள். அரசுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டு. திரும்பி வரும் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி தொடங்குங்கள். கல்வித்துறையோ, சூளையுள்ள வட்டாரந்தோறும் தேடிச் செல்லும் ஓர் ஆசிரியரையேனும் அமர்த்துக!

மழை பொய்த்தது மாணவன் குற்றமன்று. தை பிறந்ததும் உங்கள் கை சிவப்பு மையை நாடுமாயின், ஒரு நொடி நிறுத்துங்கள். அப்பிள்ளை பள்ளியை விட்டுச் செல்லவில்லை. பசி அதனை இட்டுச் சென்றிருக்கின்றது. மீட்டு வருதல் நம் கடன்.