குளிர் போக்கும் நெருப்பு உயிர் போக்கக்கூடாது

நுவரெலியாத் தோட்டங்களில் மார்கழி, தை வந்தால் குளிர் எலும்பைத் தொடும். 10 அடிக்கு 12 அடி லயன் அறையில் கரிச்சட்டியோ வாயு ஹீட்டரோ எரிய, கதவைச் சாத்தி உறங்குவது பேராபத்து. அதில் எழும் காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

எனவே கரிச்சட்டி படுக்கையறைக்கு வேண்டாம் என்கிறோம். ஹீட்டர் வாங்குவோர், ஒட்சிசன் குறைந்தாலும் சரிந்து விழுந்தாலும் தானே அணையும் வகையைக் கேட்டு வாங்குங்கள். யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். துணிமணி 3 அடியாவது தள்ளியிருக்கட்டும். இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் கசிவைப் பாருங்கள். படுக்குமுன் அணைத்துவிடுங்கள்.

ஆயினும் ஒழுகும் கூரையும் ஈரத் தரையும் இருக்கும்வரை எந்த நெருப்பும் குளிரைத் தீர்க்காது. ஹீட்டருக்கு முன் வீடு திருந்த வேண்டும் என்பதே எமது கருத்து.