நம்ம பெட்டியை நாம திறக்கக் கூடாதா?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். போன ஐப்பசி மழையில் சோலார் வேலி நின்று போச்சு. எனர்ஜைசர் பெட்டியில் 'டிக் டிக்' சத்தமே இல்லை. விற்ற கம்பெனிக்குப் போன் போட்டால், "கழட்டி கூரியர்ல அனுப்புங்க சார், பத்துப் பன்னிரண்டு நாள்ல வந்துரும்" என்றார்கள். காட்டுப்பன்னி பன்னிரண்டு நாள் பொறுக்குமா? ரெண்டாவது ராத்திரியே உள்ளே வந்து, ஒன்பது தென்னங்கன்றைத் தோண்டிக் குருத்தைத் தின்னுட்டுப் போயிருச்சு.

சரி, நாமே திறந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். திருப்புளி உள்ளேயே போகவில்லை. நாலு மூலையிலும் ஆறு முனை நட்சத்திரக் குழி, அதன் நடுவில் ஒரு குச்சி. வீட்டில் இருக்கிற தட்டைத் திருப்புளியோ ஸ்டார் திருப்புளியோ பிடிக்கக் கூடாது என்றே செய்த ஸ்க்ரூ. எட்டிப் பார்த்த பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி கேட்டார்: "பெட்டிக்குக் காசு குடுத்தது நீங்க. சாவி மட்டும் அவங்ககிட்டயா?"

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் போனேன். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து மில் மெஷினோடு பழகின ஊர் அது. லேத்துப் பட்டறையில் இருந்த பெரியவர் அஞ்சு நிமிஷத்தில் மூடியைக் கழட்டிவிட்டார். உள்ளே ஒரு பல்லி, போர்டின் குறுக்கே கருகிக் கிடந்தது. பியூஸ் போயிருந்தது. பல்லியை எடுத்து, போர்டைத் துடைத்து, அதே அளவு பியூஸ் போட்டதும் பெட்டி பேச ஆரம்பித்தது. செலவு முப்பது ரூபாய். ஒன்பது கன்று போனது நாலு ஸ்க்ரூவால்தான்.

அன்றைக்கு அவரிடம் கற்றதையும், பிறகு நானே செய்து பார்த்ததையும் சொல்கிறேன்.

நடுவில் குச்சி உள்ள ஸ்க்ரூ என்றால், குச்சிக்கும் குழிச் சுவருக்கும் இடையில் சின்னத் தட்டைத் திருப்புளியை இறுக்கி நுழைத்து, நன்றாக அழுத்தி மெதுவாகத் திருப்பலாம். பெரும்பாலும் வந்துவிடும். வரவில்லையா? சின்னப் பஞ்ச் வைத்து லேசாகத் தட்டிக் குச்சியை ஒடித்தால், அளவு ஒத்துவருகிற ஆலன் கீ உள்ளே உட்காரும். ஓங்கி அடிக்கக் கூடாது. உள்ளே இருக்கிற போர்டு விரிசல் விடும்.

மண்டை வெளியே துருத்தி நின்றால் வேலை சுலபம். ஆக்ஸா பிளேடால் குறுக்கே ஒரு காடி அறுத்துவிட்டால் தட்டைத் திருப்புளி போதும். இறுக்க மட்டும் முடியும், கழட்ட முடியாது என்கிற ஒருவழி ஸ்க்ரூவுக்கும் இதே வைத்தியம்தான். வைஸ் கிரிப் பிளேயரால் மண்டையைக் கவ்விப் பிடித்தும் திருப்பலாம். துருப்பிடித்திருந்தால் முதல்நாளே துருநீக்கி எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு வையுங்கள். எதுவுமே நடக்காவிட்டால் கடைசி வழி, மண்டையை டிரில் போட்டு எடுப்பது. மூடி வந்த பிறகு, மிச்சம் நிற்கிற தண்டைப் பிளேயரால் பிடித்துத் திருகி எடுத்துவிடலாம். அறுத்தாலும் துளைத்தாலும் இரும்புத் தூளை முழுக்கத் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஒரு துளி போர்டில் விழுந்தாலும் அடுத்த பழுதுக்கு நாமே விதை போட்ட மாதிரி.

உண்மையில் இத்தனை பாடே தேவையில்லை. இதற்கான பிட் செட் ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். நட்டநடு ராத்திரியில் தோட்டத்தில் இல்லாததுதான் பிரச்சினை.

திறக்கக் கூடாத இடமும் உண்டு. வெயில் இருக்கிற வரை சோலார் பேனலில் மின்சாரம் நிற்காது. பம்பு கன்ட்ரோலரில் கை வைக்கும் முன் பேனல் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டித்த பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தேங்கி நிற்கும். விவரம் தெரிந்த ஆள் இல்லாமல் தொடாதீர்கள். பிஎம்-குசும் திட்டத்தில் வாங்கிய பம்புக்கு 5 வருஷம் பராமரிப்பு நிறுவியவர்கள் பொறுப்பு. அதுவரை ஸ்க்ரூவைத் தொடாமல் எழுத்தில் புகார் கொடுங்கள்.

வேலிப் பெட்டியைத் திறப்பது பழுது பார்க்க மட்டும்தான். ஷாக்கைக் கூட்டவோ, வீட்டு கரண்டை நேரடியாக வேலிக்குக் கொடுக்கவோ நினைப்பதே குற்றம். ஒழுங்கான எனர்ஜைசர் விட்டுவிட்டுத் துடிப்பாகத்தான் கொடுக்கும்; மிருகம் மிரண்டு விலகிப் போகும். நேரடி கரண்ட் கொன்றுவிடும், யானையையும் நம் வீட்டுப் பிள்ளையையும். நம்ம மலை 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். மின்வேலிப் பதிவுக்கும் ஒழுங்குமுறைக்கும் 2023-ல் தமிழ்நாடு அரசு விதிகளே கொண்டுவந்திருக்கிறது.

"பாதுகாப்புக்குத்தான் பூட்டு" என்று கம்பெனி சொல்வதில் இந்த அளவு நியாயம் உண்டு. ஆனால் அதற்கு மூடியில் ஒரு எச்சரிக்கையும், உள்ளே அபாயமான பகுதிக்கு மட்டும் தனி மறைப்பும் போதுமே? பியூஸ் மாற்றக்கூடக் கம்பெனி வாசலுக்குப் போகணும் என்றால், அது வியாபாரம்.

இயற்கை விவசாயிக்கு இந்தக் கதை புதுசில்லை. 1998-ல் அமெரிக்காவில், விளைந்த விதை மறுபடி முளைக்காமல் செய்கிற நுட்பத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். 'டெர்மினேட்டர்' என்று உலகமே எதிர்த்தது. நம் நாட்டின் 2001-ஆம் வருஷ பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் அந்த நுட்பம் உள்ள ரகத்தைப் பதிவு செய்யத் தடை போட்டது. விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள நமக்குள்ள உரிமையையும் எழுதி வைத்தது. விதையில் விட்டுக்கொடுக்காத நாம், கருவியில் மட்டும் ஏன் சாவியைக் கொடுத்துவிட்டு நிற்கிறோம்?

அமெரிக்க விவசாயிகள் இதில் முந்திக்கொண்டார்கள். அங்கே ஸ்க்ரூவோடு நிற்கவில்லை, டிராக்டரைச் சாஃப்ட்வேரிலேயே பூட்டினார்கள். விவசாயிகள் போராடி, 2023-ல் கொலராடோ மாகாணத்தில் விவசாயக் கருவிகளுக்கான பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை வாங்கினார்கள். 2024 ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நம் ஒன்றிய அரசும் 2022-ல் ஒரு குழு போட்டு, அந்த டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. அது எடுத்துக்கொண்ட நாலு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. நல்லதுதான். ஆனால் இணையதளம் சட்டம் ஆகாது.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கருவி வாங்கும்போது விலை கேட்கும் முன்னே, "இதை எந்தத் திருப்புளியால் திறக்கலாம்? உதிரிபாகம் எங்கே கிடைக்கும்?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். ஒவ்வொரு ஊர்க் குழுவும் விதைப் பானை வைத்திருக்கிற மாதிரி ஒரு பிட் செட்டும் வாங்கிப் பொதுவில் வைக்கலாம். உத்தரவாதக் காலம் முடிந்த அன்றே பூட்டு ஸ்க்ரூவைக் கழட்டி, அதே தடிமன், அதே நீளத்தில் சாதா ஸ்டீல் ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். நீளம் கூடினால் போர்டில் இடிக்கும். மூடி ஓரத்து ரப்பரைச் சரியாகப் பதித்து மூடுங்கள், பல்லி மறுபடி வராது.

எங்கள் பெட்டியில் இப்போது சாதா ஸ்க்ரூதான். திருப்புளி பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது. அண்ணாச்சி வீட்டுப் பெட்டிக்கும் அதுதான் சாவி.