ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடாது

எடிசனில் எங்கள் வீட்டு கராஜுக்குள் கார் நுழைந்து பத்து வருஷம் ஆகிறது. காலி தயிர் டப்பா, டிவி வந்த அட்டைப்பெட்டி, என் நாலாம் வகுப்பு சயின்ஸ் ப்ராஜெக்ட், எல்லாம் அங்கேதான். அம்மா தூக்கிப்போடப் போனால் அப்பா வந்து நிற்பார்: "இருக்கட்டும், எப்பவாவது தேவைப்படும்."

நோட் ஜேஎஸ்ஸில் மெமரி லீக் என்பதும் இதுதான். பெயர்தான் லீக், எதுவும் வெளியே ஒழுகுவதில்லை. உள்ளேயே சேர்கிறது. கார்பேஜ் கலெக்டர் எங்கள் அம்மா மாதிரி. யாரும் பிடித்துக்கொண்டிருக்காத பொருளைத்தான் அகற்றும். வரம்பில்லாத கேஷ், எடுக்க மறந்த ஈவென்ட் லிசனர், நிறுத்தாத டைமர் என்று ஏதோ ஒரு அப்பா "இருக்கட்டும்" என்றால் தொடாது.

அப்பாக்கள் மேல் எனக்குக் கோபமில்லை. "ரீஸ்டார்ட் பண்ணிடு" என்கிறவர்கள் மேல்தான் கோபம்.

என் முதல் வேலையில் எங்கள் சர்வர் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெமரி நிரம்பி விழும். மெமரியை இரண்டு மடங்காக்கினார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுந்தது. டிக்கெட்டை மூடிவிட்டார்கள். ரீஸ்டார்ட் பண்ணும் வேலை சென்னை டீமுக்குப் போனது.

நமக்குச் சாயங்காலம் நாலரை என்றால் அங்கே ராத்திரி இரண்டு மணி. ஒருநாள் காலில் அந்தப் பையன் பேசும்போது, பின்னால் ஒரு அம்மாவின் குரல் கேட்டது: "இன்னும் தூங்கலையாப்பா?" எங்கள் பக்கம் இருந்தவர்களில் அது புரிந்தது எனக்கு மட்டும்தான்.

"தேடிப் பார்க்க நேரமில்லை" என்பார்கள். 2013-இல் பே ஏரியாவின் வால்மார்ட்லேப்ஸில் எரான் ஹேமரின் குழு ஒரு லீக்கைப் பல மாதம் விடாமல் துரத்தியது. ஜாயன்ட் நிறுவனத்தின் டி.ஜே. ஃபான்டேன் கடைசியில் பிடித்தார். தப்பு இருந்தது நோட்டுக்குள்ளேயே! திருத்தம் சில வரிகள்தான். அந்த நவம்பரில் வந்த 0.10.22 பதிப்பில் சேர்ந்தது. அவர்களும் ரீஸ்டார்ட் பண்ணிக்கொண்டே இருந்திருந்தால், அந்த ஓட்டை இன்னும் எத்தனை நாள் எல்லோருடைய சர்வரிலும் இருந்திருக்கும்?

நாங்கள் தேட ஆனது இரண்டே நாள். நோட்டை இன்ஸ்பெக்ட் மோடில் ஓட்டி, க்ரோமில் திறந்து, ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட் எடுத்தேன். கொஞ்சம் ரிக்வெஸ்ட் அனுப்பி இரண்டாவது, மறுபடி அனுப்பி மூன்றாவது. மூன்றையும் ஒப்பிட்டால் எது குறையாமல் ஏறுகிறது என்று தெரியும். அதை யார் பிடித்துவைத்திருக்கிறார் என்பதை ரிட்டெய்னர்ஸ் பகுதி காட்டும். எங்கள் கோடில், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் ஒரு லிசனரைச் சேர்த்துவிட்டுப் போனது.

ஒரே ஈவென்ட்டுக்குப் பத்துக்கு மேல் லிசனர் சேர்ந்தால் நோட் தானே எச்சரிக்கும். எங்களையும் எச்சரித்திருக்கிறது. யாரோ அந்த வரம்பைப் பூஜ்யமாக்கி அதன் வாயை மூடிவைத்திருந்தார்கள்.

விழுந்த சர்வரை ராத்திரியில் எழுப்ப ரீஸ்டார்ட் பண்ணலாம். அது முதலுதவி. தினமும் முதலுதவி பண்ணுகிறவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

அடுத்த முறை மீட்டிங்கில் யாராவது "ரீஸ்டார்ட் பண்ணிடலாம்" என்றால், இரண்டு கேள்வி கேளுங்கள். யார் பண்ணுவது? அவர் ஊரில் அப்போது மணி என்ன?