"கேஸ் தீர்ந்து போச்சு சார்!"

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ரொம்ப நாளா தொண்டையில நிக்கிற ஒரு விஷயத்தைக் கொட்டிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க. விஷயமே ஏசி பத்தினதுதான் :-)

எங்க ஊர் கம்பம்மெட்டு. தேனி மாவட்டம் கம்பத்துலேருந்து மலை ஏறினா உச்சியில செக்போஸ்ட், தாண்டினா கேரளா, இடுக்கி மாவட்டம். தினம் காலையில கம்பத்துலேருந்து ஜீப் ஜீப்பா ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏறி வர்ற ஊர். "அந்த ஊர்ல எதுக்குய்யா ஏசி? ஜன்னலைத் திறந்தா மஞ்சு வருமே"ன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். 2022ல அப்பாவுக்கு மதுரையில பைபாஸ். அடுத்த ஏப்ரல்ல, காங்கிரீட் வீட்டுக்குள்ள ராத்திரி மனுஷனால படுக்க முடியலைன்னு அம்மா போன்ல அழுதாங்க. டல்லாஸ்ல உக்காந்துகிட்டு வேற என்ன செய்ய? ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். 2024 கோடையில இடுக்கி ஏலத்தோட்டமெல்லாம் கருகினப்ப, அது ஆடம்பரம் இல்லைன்னு பக்கத்து வீட்டுக்காரங்களே ஒத்துக்கிட்டாங்க.

ஒரு வருஷ வாரண்டி முடிஞ்ச அடுத்த மாசம், 2024 மே, ஏசியில வெறும் காத்துதான் வந்துச்சு. ஆள் வந்தார். "கேஸ் தீர்ந்து போச்சு." வந்து பார்த்ததுக்கு 600, கேஸுக்கு 3,200, அதுக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 4,484 ரூபாய். அனுப்பிட்டேன். 2025 மார்ச்ல மறுபடியும் அதே வசனம். இந்தத் தடவை பில் வேண்டாம்னா 3,500தான்னு சொன்னாங்களாம். அதையும் அனுப்பிட்டேன். மே மாசம் வீடியோ கால்ல பாக்குறேன், அப்பா திண்ணையில பாயைப் போட்டு உக்காந்திருக்கார். "என்னப்பா, உள்ள படுக்கலையா?"ன்னா பேச்சை மாத்துறார். அம்மாதான் மெதுவா சொன்னாங்க: ஏசி திரும்பவும் போச்சு, உங்கிட்ட மறுபடி காசு கேக்கக் கூச்சமா இருக்காம்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

மக்களே, ஒரு விஷயத்தை நல்லா மண்டையில ஏத்திக்கங்க. ஏசியில கேஸ் தீராது. அது என்ன கேஸ் ஸ்டவ்வா, எரிஞ்சு தீர்றதுக்கு? மூடின குழாய்க்குள்ள அதே கேஸ்தான் திரவமாகி, ஆவியாகி, திரும்பத் திரும்பச் சுத்துது. உங்க வீட்டு ஃப்ரிட்ஜும் அதே கதைதான். பதினைஞ்சு வருஷமா ஓடுற ஃப்ரிட்ஜுக்கு எத்தனை தடவை கேஸ் போட்டீங்க? கேஸ் குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம கேஸ் போடுறது, அடியில ஓட்டையான குடத்துல தண்ணி புடிக்கிற மாதிரி. அந்தக் குடத்துக்கு வருஷா வருஷம் நாம காசு கட்டிக்கிட்டிருக்கோம்.

ஓட்டை பெரும்பாலும் எங்க இருக்கும்னா, வெளி யூனிட்டுல செம்புக் குழாயை நட்டு போட்டு இறுக்கின இடத்துல. குழாய் முனையைச் சரியா விரிக்கலைன்னா, நட்டு லேசா இருந்தா, அங்கதான் கசியும். கண்டுபிடிக்க ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். நைட்ரஜன் ஏத்தி அழுத்தம் நிக்குதான்னு பாக்கணும், சோப்பு நுரை தடவினா கசியுற இடத்துல குமிழி வரும். அடைச்ச பிறகு வாக்குவம் பம்ப் போட்டு உள்ள இருக்குற காத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கணும். எங்க ஊர் மாதிரி மாசக்கணக்குல மழை பெய்யிற இடத்துல இது ரொம்ப முக்கியம். ஈரம் உள்ள தங்கினா எண்ணெயோட சேர்ந்து அமிலமாகி கம்ப்ரசரையே தின்னுடும். நம்மாளுங்க பம்ப் போடுறதில்லை. கொஞ்சம் கேஸை 'புஸ்ஸு'ன்னு விட்டு அது காத்தைத் தள்ளிடும்னு முடிச்சிடுறாங்க. அப்புறம் கேஸை எடை போட்டு ஏத்தணும். எத்தனை கிராம்னு வெளி யூனிட் பக்கவாட்டு ஸ்டிக்கர்லயே அச்சடிச்சிருக்கு. எங்க வீட்டுக்கு வந்தவர் தராசே கொண்டு வரலையாம். அதுவும் இப்ப வர்ற ஏசிகள்ல நிறைய ஆர்-32. அது லேசாத் தீப்பிடிக்கக் கூடிய வகை. அது உள்ள இருக்குற குழாய்ல டார்ச்சைக் காட்டினா என்ன ஆகும்?

இங்க அமெரிக்காவுல குளிர்பதன கேஸைக் கையாளணும்னா, சுத்தமான காற்றுச் சட்டத்தோட 608வது பிரிவுப்படி பரீட்சை எழுதி பாஸ் பண்ணணும். டெக்சாஸ்ல காண்ட்ராக்டரோட லைசென்ஸ் நம்பர் வண்டியிலயும் பில்லுலயும் இருந்தாகணும். அதனால இங்க எல்லாரும் அரிச்சந்திரன்னு நினைச்சுடாதீங்க. போன வருஷம் ஒரு கெப்பாசிட்டர் மாத்த எங்கிட்ட 285 டாலர் தீட்டினாங்க. ஆனா புகார் கொடுக்க ஒரு நம்பர் இருக்கு. நம்ம நாட்டுல 2019ல வந்த தேசிய குளிர்விப்புத் திட்டம் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும்னு இலக்கு வச்சுது. நல்ல விஷயம். ஆனா சான்றிதழ் இல்லாதவர் வீட்டு ஏசியைத் தொடக் கூடாதுன்னு சட்டம் வரலையே.

இதுல எங்களுக்கு எல்லைத் தொல்லை வேற. கம்பெனிக்கு போன் போட்டா பின்கோடு கேக்குறாங்க. கேரளா பின்கோடுன்னா கட்டப்பனை பக்கத்துலேருந்துதான் ஆள் வரணுமாம். மலை இறங்கினா கம்பத்துல அதே கம்பெனி ஆளு இருக்கார், ஆனா "உங்க ஏரியா எங்களுது இல்லை சார்." செக்போஸ்ட்டைத் தாண்டினா கேஸ் வேற மாதிரியா வேலை செய்யும்? கரண்ட் பில் கதையும் அப்படித்தான். கேரளாவுல மாசக் கணக்குக்கு 250 யூனிட் தாண்டினா, தாண்டினதுக்கு மட்டுமில்லை, மொத்த யூனிட்டுக்கும் மேல் ரேட். கேஸ் குறைஞ்ச ஏசியோ ரூம் குளிராம நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும். அம்மா ஏன் பத்து மணிக்கே ஆஃப் பண்ணிடுறாங்கன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

இப்ப உண்மையான குற்றவாளிக்கு வர்றேன். கண்ணாடியைப் பாருங்க. நாமதான். அப்பா அம்மா பக்கத்துல இல்லைங்கிற குத்த உணர்ச்சிக்கு நாம கண்டுபிடிச்ச மருந்து ஜிபே. "எவ்வளவாம்? சரி, அனுப்பிட்டேன்." எதுக்குன்னு கேக்குறதில்லை. தங்கமணி வாங்கின பொருளுக்கு ரிட்டர்ன் பாலிசி படிக்கிற நாம, ஊர்ல எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பில்லைக் கூட வாங்கிப் பாக்குறதில்லை. வெளிநாட்டுப் பிள்ளை வீடுன்னு தெரிஞ்சா ரேட் தானா ஏறாதா?

பில் கேளுங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில் கொடுக்காம இருக்குறதே நியாயமற்ற வணிக முறை. புகார் கொடுக்க கம்பெனி தலைமையகம் இருக்குற ஊருக்கு அலைய வேண்டாம், அப்பா அம்மா இருக்குற மாவட்டத்துலயே கொடுக்கலாம். அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. அதுக்கு முன்னாடி 1915க்கு ஒரு போன். மெக்கானிக் வர்ற நேரத்துல வீடியோ கால்ல இருங்க. "தம்பி, ஓட்டை எங்க?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, போதும்.

போன 2025 ஜூலையில கம்பத்துலேருந்து என் மச்சான் ஒரு பழைய மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போனார். நான் போன்ல பாத்துக்கிட்டே இருந்தேன். சோப்பு தடவின ரெண்டாவது நிமிஷம், வெளி யூனிட் நட்டுல குமிழி. குழாய் முனையை வெட்டி, புதுசா விரிச்சு, நட்டு மாத்தி, வாக்குவம் போட்டு, தராசுல வச்சு கேஸ் ஏத்தி, மொத்தம் 2,900. "முன்ன வந்த பசங்க ஏண்ணே இதைப் பாக்கலை?"ன்னு கேட்டேன். "ஒரு நாளைக்கு எட்டு வீடு முடிக்கணும் தம்பி, இதுக்கு எனக்கே அரை நாள் ஆச்சே. ஓட்டை தேடுனா அவனுக்குத் தனியா யாரு கூலி கொடுப்பா?"ன்னார். அந்தப் பசங்க மேல இருந்த கோபம் பாதி போயி, அவங்களை அப்படி ஓட விடுறவங்க மேல திரும்பிச்சு.

அன்னைக்கு ராத்திரி அப்பா உள்ள படுத்தார். மறுநாள் காலையில அவரே போன் பண்ணினார். நலம் விசாரிக்கலை, ஒண்ணும் இல்லை. "ஏப்பா, அப்ப முன்ன ரெண்டு தடவை கொடுத்த எட்டாயிரம்?"

முதல் பில் கையில இருக்கு, ரெண்டாவதுக்கு ஜிபே ரசீது இருக்கு. புகார் எழுதிக்கிட்டிருக்கேன்.