கன்னத்துக் குழியும் காசுக் கணக்கும்

பணக்காரச் சீமாட்டிகள் முகச் சுருக்கத்தை மறைக்க ஊசி போட்டுக்கொள்கிறார்கள். ஆலையிலும் வயலிலும் பாடுபடுகிற நமக்கு அதைப் பற்றி என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கலாம். பேச்சு இருக்கிறது. அந்த ஊசி சிலருக்குச் சிங்காரம், சிலருக்குச் சிகிச்சை. சிகிச்சை தேவைப்பட்டவனுக்கு அது கிடைத்ததா என்பதுதான் நம் கேள்வி.

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். இந்த ஊசி மருந்துக்கு ஃபில்லர் என்று பெயர். தோலுக்கடியில் கொழுப்பு இருப்பதால்தான் கன்னம் மேடாக இருக்கிறது. வயது ஏறினால் அது குறைகிறது. கன்னம் ஒட்டுகிறது, மூக்கோரம் மடிப்பு விழுகிறது. அந்தப் பள்ளத்தை ஊசி வழியாக நிரப்புகிறார்கள். முகப்பரு விட்டுச்சென்ற குழிகளையும் இப்படி மேடாக்குவதுண்டு.

இன்று மிகுதியாகப் பயன்படுவது ஹயாலுரானிக் அமிலம். அமிலம் என்றதும் அஞ்ச வேண்டாம். நம் தோலிலும் மூட்டிலும் கண்ணிலும் இயற்கையாகவே இருக்கிற பொருள்தான் அது. 1934இல் நியூயார்க்கில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இரு விஞ்ஞானிகள் மாட்டுக் கண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் குணம். அதன் இழைகளைப் பிணைத்து நுங்கு போலாக்கிச் செலுத்துகிறார்கள். பல மாதங்கள் நின்று, பிறகு மெல்லக் கரைந்துவிடும். பாலி லாக்டிக் அமிலம் என்பது வேறு வகை. அது தானே பள்ளத்தை நிரப்பி நிற்பதில்லை; புதிய நார்ச்சத்தை உண்டாக்கும்படி உடம்பைத் தூண்டுகிறது.

இந்த இரண்டாவது மருந்துக்கு அமெரிக்க அரசு 2004இல் எதற்காக அனுமதி தந்தது தெரியுமா? எச்.ஐ.வி. நோயாளிகளின் ஒட்டிப்போன கன்னத்துக்காக!

அந்தக் கன்னம் ஏன் ஒட்டியது? நோயை அடக்கிய மாத்திரைகளில் ஸ்டாவுடின் என்று ஒன்று இருந்தது. 2001இல் மேல்நாட்டுக் கம்பெனிகள் எச்.ஐ.வி. மருந்துகளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கேட்டன. நம் நாட்டு சிப்லா கம்பெனி ஸ்டாவுடின் சேர்ந்த மூன்று மருந்துகளை 350 டாலருக்குத் தர முன்வந்தது. ஏழை நாடுகளில் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. 2004 ஏப்ரலில் இந்திய அரசு தொடங்கிய இலவச சிகிச்சையிலும் அதே ஸ்டாவுடின் இருந்தது.

ஆனால் அது கன்னத்துக் கொழுப்பைத் தின்றது. உயிரைக் காத்த மாத்திரையே முகத்தைக் காட்டிக்கொடுத்தது! முகத்தைப் பார்த்தே நோயை ஊர் ஊகித்துவிடும் என்ற நிலை. வேலை போகும், வாடகை வீடு போகும் என்ற அச்சம். மாத்திரையையே விட்டுவிட்டவர்களும் உண்டு. இதை அழகு மோகம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பணக்கார நாடுகள் ஸ்டாவுடினை முன்பே ஒதுக்கிவிட்டன. ஏழை நாடுகளும் அதைப் படிப்படியாகக் கைவிட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2009இல்தான் சொன்னது. 2010இல் அமெரிக்காவின் மெடிகேர் அரசுக் காப்பீடு, முகம் ஒட்டியதால் மனம் சோர்ந்த எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ஃபில்லர் செலவை ஏற்பதாக முடிவெடுத்தது. அங்கே சிகிச்சை என்று ஒப்புக்கொண்டதை இங்கே ஏன் அலங்காரம் என்று தள்ளவேண்டும்? மாத்திரை மாறிவிட்டது, ஒட்டிய கன்னம் முழுதும் திரும்புவதில்லை. அன்று அதை விழுங்கியவர்கள் இன்றும் நம்மிடையே உழைத்து வாழ்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஃபில்லர் தவறி ரத்தக் குழாயில் புகுந்தால் தோல் அழுகும். கண் பார்வையே போகலாம். ஹயாலுரானிக் வகையை உடனே கரைக்க ஹயாலுரானிடேஸ் என்ற மாற்று மருந்து உண்டு. மற்ற வகைகளுக்கு அப்படி இல்லை. ஆகவே அழகு நிலையத்தில் மலிவு விலைக்கு முகத்தை நீட்டாதீர்கள். ஊசியில்லாத பேனா என்று விற்கிற கருவியை வாங்காதீர்கள். அமெரிக்க மருந்துத் துறை 2021இல் அதற்கு எதிராக எச்சரித்திருக்கிறது. ஊசி போட்ட இடம் வெளுத்தாலோ, கடுமையாக வலித்தாலோ, பார்வை மங்கினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நம் கோரிக்கை நியாயமானது. மருந்தாலும் நோயாலும் முகம் சிதைந்தவர்களுக்கு அரசு மருத்துவமனையில், தேர்ந்த மருத்துவர் கையால், இலவசமாக இந்தச் சிகிச்சை கிடைக்க வேண்டும். சுருக்கத்தை மறைக்க விரும்புகிறவர்கள் தங்கள் காசைச் செலவழிக்கட்டும். அது அவர்கள் பாடு. மருந்து தின்ற கன்னத்தைத் திருப்பிக் கொடுப்பது அரசின் கடமை.