காதால் பார்த்த சிறைகள்



இந்த இதழில் சிறைப் படங்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். "சிறை என்றதும் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் சினிமாக் காட்சி எது?" என்று ஆசிரியர் குழுவில் பேச்செடுத்தபோது ஆளுக்கொன்று சொன்னார்கள். 'விருமாண்டி'யின் சிறைக் கலவரம் என்றார் ஒருவர். 'வடசென்னை'யின் கேரம் ஆட்டம் என்றார் இன்னொருவர். 'தி ஷஷாங்க் ரிடெம்ப்ஷன்' படத்தில் ஆண்டி மழையில் கைகளை விரித்து நிற்பதைச் சொல்ல மூன்று நான்கு பேர் போட்டி போட்டார்கள். என் பங்குக்கு மனதில் வந்தவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கண்ணில் நின்ற காட்சிகள் அதில் குறைவு. பெரும்பாலும் காதில் தங்கிவிட்ட ஓசைகள்தான். அவற்றைப் பற்றியே இந்த மாதம் உங்களோடு பேசலாம் என்று தோன்றியது.

ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹியின் 'இட் வாஸ் ஜஸ்ட் ஆன் ஆக்சிடென்ட்' 2025இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. இரவு நேரம், குடும்பத்தோடு காரில் வருகிற ஒருவர். வழியில் நாய் ஒன்று அடிபடுகிறது, வண்டியும் பழுதாகிறது. உதவி கேட்டு நிறுத்துகிற இடத்தில் வாஹித் என்ற தொழிலாளி இருக்கிறார். வந்தவர் நடக்கும்போது கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம். செயற்கைக் காலின் சத்தம். அதைக் கேட்டதும் வாஹித்துக்குக் கை கால் ஓடவில்லை. சிறையில் தன்னை வதைத்தவனின் முகத்தை அவர் பார்த்ததே கிடையாது, கண்ணைக் கட்டியிருந்தார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நடைதான். ஆளைக் கடத்திக்கொண்டு போய் வெட்டவெளியில் குழியும் தோண்டிவிட்ட பிறகு சந்தேகம் வருகிறது: இவன்தானா? கூட இருந்த பழைய கைதிகளைத் தேடிப் போகிறார். ஒரு பெண் அவன் உடலின் வாடையை வைத்துச் சொல்கிறார். இன்னொருவர் காலிலுள்ள தழும்பைத் தடவிப் பார்த்துச் சொல்கிறார். இத்தனை பேரில் முகத்தை அறிந்தவர் ஒருவருமில்லை.

பனாஹி இதைக் கேள்விப்பட்டு எடுக்கவில்லை. 2010இல் அவருக்கு ஆறாண்டுச் சிறைத் தண்டனையும், இருபது ஆண்டுகள் படம் எடுக்கக் கூடாதென்ற தடையும் விதித்தார்கள். 2022 ஜூலையில் கைதாகி தெஹ்ரானின் எவின் சிறையில் இருந்தவர், உண்ணாவிரதம் தொடங்கிய பிறகே 2023 பிப்ரவரியில் வெளியே வந்தார். தடைக்காலத்தில் சொந்த வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு அவர் எடுத்த 'திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்' (2011) படத்தையும் தேடிப் பாருங்கள். எடுக்க முடியாமல்போன படத்தின் அறையைத் தரைவிரிப்பின் மேல் டேப் ஒட்டிக் காட்டுகிறார்: இது கதவு, இது ஜன்னல். சிறிது நேரத்தில் தொண்டை அடைத்துப்போய் நிறுத்திவிடுகிறார். வெளியே பாரசீகப் புத்தாண்டுக்கு முந்தைய நெருப்புத் திருநாள். வெடிச்சத்தம் அறைக்குள் வந்துகொண்டே இருக்கிறது. நகரமே தெருவில் இருக்கிற இரவில் ஒரு மனிதர் மட்டும் உள்ளே இருக்கிறார் என்பதை அந்த வெடிகள்தான் நமக்குச் சொல்கின்றன. இந்தப் படத்தைப் பென் டிரைவில் ஏற்றி, கேக்குக்குள் ஒளித்து ஈரானிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள் என்ற செய்தி அப்போது உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

சிறையைக் கட்டுகிறவர்கள் முதலில் பறிப்பது பார்வையைத்தான். அந்தமான் செல்லுலார் சிறை 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. நடுவில் காவல் கோபுரம், அதிலிருந்து ஏழு நீண்ட கட்டடங்கள். ஒரு கட்டடத்து அறைகளின் முகப்பு, அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கிற மாதிரி திட்டமிட்டிருந்தார்கள். கைதி தலையை நீட்டினாலும் இன்னொரு கைதியின் முகம் கண்ணில் படாது. பிரியதர்ஷனின் 'சிறைச்சாலை' (1996) பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டடம் நினைவிருக்கும். கல்லும் சுண்ணாம்பும் கண்ணை நிறுத்திவிடும். ஓசையை அப்படி முழுதாக நிறுத்த முடிவதில்லை.

இதை சினிமாவில் யாரையும்விட நன்றாக உணர்ந்தவர் என்று பிரெஞ்சு இயக்குநர் ரோபேர் பிரெஸ்ஸோனைச் சொல்வேன். அவருடைய 'எ மேன் எஸ்கேப்டு' 1956இல் வந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1943இல், லியோன் நகரின் மோன்லுக் சிறையிலிருந்து தப்பிய ஆந்த்ரே தெவிஞி எழுதிய நினைவுக் குறிப்புதான் மூலம். பிரெஸ்ஸோனும் ஜெர்மானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். ஒருவன் தப்பிவிட்டான் என்று தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறார். அதன் பிறகும் நம்மால் நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடிவதில்லை.

நாயகன் ஃபோந்தேன் ஒரு கரண்டியைத் தரையில் தேய்த்துக் கூராக்குகிறான். அறைக் கதவின் பலகைகளை இணைக்கும் மரம் மட்டும் கொஞ்சம் மிருது என்று கண்டுபிடிக்கிறான். சுரண்டத் தொடங்குகிறான். சுர்ர், சுர்ர். நிறுத்துகிறான். காதைக் கொடுக்கிறான். காவலாளி மாடிப்படியின் கம்பிகளில் சாவியைத் தட்டிக்கொண்டே போகிற சத்தம் தேய்ந்து மறைகிறது. மறுபடியும் சுர்ர். உதிர்ந்த தூளைக் கூட்டி மறைக்கிறான். பக்கத்து அறையோடு பேச்சு என்றால் சுவரில் தட்டுவதுதான். ஓர்சினி என்ற கைதி அவசரப்பட்டு ஓடப்போய்ப் பிடிபடுகிறான். கொக்கி வேண்டும், விளக்குச் சட்டத்தை வளைத்துச் செய்துகொள் என்று, தான் தோற்றதிலிருந்து கற்றதை ஃபோந்தேனுக்குச் சொல்லிவிட்டுச் சாகிறான். அவன் சாவு திரையில் இல்லை. பிரெஸ்ஸோன் அதைக் காட்டாததால்தான் அது இன்னும் கனக்கிறது என்பது என் எண்ணம்.

கடைசி இரவில் இந்த ஓசைகளெல்லாம் ஒன்றுசேர்கின்றன. கூரையில் பரப்பிய சரளைக்கல் காலடியில் நெறிபடும். அதனால் ஃபோந்தேனும் கூடத் தப்புகிறவனும் ரயில் கடந்துபோகிற நேரம் பார்த்து அடியெடுத்து வைக்கிறார்கள். இரண்டு மதில்களுக்கு நடுவிலிருந்து இன்னதென்று புரியாத கீச்சொலி ஒன்று வந்து வந்து போகிறது. எட்டிப் பார்த்த பிறகே தெரிகிறது: எண்ணெய் காணாத சைக்கிளில் ஒரு காவலாளி சுற்றிக்கொண்டிருக்கிறான். இருட்டில் அந்தக் கீச்சொலி எத்தனை விநாடிக்கு ஒருமுறை திரும்புகிறது என்று நாமும் அவர்களோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். ஒலிப்பதிவு படிக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்டால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் இந்த ஒரு படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள் என்றே சொல்வேன்.

அதே பிரான்சில் நான்கு ஆண்டுகள் கழித்து ஜாக் பெக்கரின் 'லெ த்ரூ' வந்தது. கட்டிலிலிருந்து கழற்றிய இரும்பால் கைதிகள் தங்கள் அறையின் கான்கிரீட் தரையை உடைக்கிறார்கள். நிமிடக்கணக்கில் வெட்டாமல் அந்த அடியைக் காட்டிக்கொண்டே இருக்கிறார் பெக்கர். பின்னணி இசையில்லை. இவ்வளவு சத்தம் போட்டால் காவலாளி வராமல் இருப்பானா என்று நமக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அடிக்கிறவர்களில் ஒருவராக நடித்த ழான் கெரோதி, பாரிஸ் லா சாந்தே சிறையில் 1947இல் உண்மையாகவே இந்தத் தப்பிக்கும் முயற்சியில் இருந்தவர். படம் திரைக்கு வருமுன்பே பெக்கர் காலமாகிவிட்டார்.

நம் பக்கத்துக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த சிறைப் படம் எது என்று கேட்டால் யோசிக்காமல் 'மதிலுகள்' என்பேன். வைக்கம் முகம்மது பஷீரின் குறுநாவலை அடூர் கோபாலகிருஷ்ணன் படமாக்கினார், 1990இல் வந்தது. திருவனந்தபுரம் மத்திய சிறையில் பஷீர் இருந்த 1940களின் கதை. பஷீராக மம்மூட்டி. எழுத்தாளர் என்பதால் வார்டர்கள் அவரிடம் பிரியமாக இருக்கிறார்கள். ரோஜாச் செடிகளை நட்டு வளர்க்கிறார். கூட இருந்த அரசியல் கைதிகள் விடுதலையாகிப் போய்விட, அவர் மட்டும் தங்கிவிடுகிறார். மதிலுக்கு அப்பால் பெண்கள் சிறை. ஒருநாள் அங்கிருந்து ஒரு குரல் கேட்கிறது. நாராயணி.

படம் முடியும்வரை நாராயணியை நமக்குக் காட்டுவதில்லை. கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும்தான். அந்தக் குரல் ரோஜாச் செடி கேட்கிறது, கொஞ்சுகிறது, கோபித்துக்கொள்கிறது, அழுகிறது. தான் மதிலருகே வந்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக ஒரு காய்ந்த சுள்ளியை மேலே எறிகிறாள். வெறும் வானத்தில் அந்தச் சுள்ளி எழும்பும்போது மம்மூட்டியின் முகத்தைப் பாருங்கள். எதிரே இருப்பது மதில். அவர் ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதில் நமக்குத் துளியும் ஐயம் வருவதில்லை. தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் விருது அவருக்கும் சிறந்த இயக்குநர் விருது அடூருக்கும் கிடைத்தன. மலையாள ரசிகர்களுக்கு லலிதாவின் குரலைக் கேட்டதும் முகமும் கூடவே வந்திருக்கும். நான் முதன்முதல் பார்த்தபோது எனக்கு அந்த முகம் பழக்கமில்லை. அது ஒரு கொடுப்பினை என்றே நினைக்கிறேன். எனக்கு வாய்த்த நாராயணி முழுக்க முழுக்கக் குரலால் ஆனவள். இருவரும் சிறை மருத்துவமனையில் சந்திக்க நாள் குறித்துக்கொள்கிறார்கள். அந்த நாளுக்கு முன்பே பஷீருக்கு விடுதலை வந்துவிடுகிறது. விடுதலைச் செய்தி கேட்டு ஒரு மனிதன் இடிந்துபோவதை நான் வேறெந்தப் படத்திலும் இப்படிப் பார்த்ததில்லை.

'ஷஷாங்க்' பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதிலும் எனக்கு ஒரு காட்சி உண்டு. ஆண்டி அலுவலக அறையைத் தாழிட்டுக்கொண்டு மொஸார்ட்டின் இசைத்தட்டை ஒலிபெருக்கியில் போட்டுவிடுகிறான். இரண்டு பெண்களின் குரல் சிறை மைதானம் முழுக்கப் பரவுகிறது. அத்தனை ஆண்களும் அப்படியே நின்று தலையை நிமிர்த்துகிறார்கள். கதை சொல்லும் கைதி ரெட் அந்த இடத்தில் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாயிருக்கும். ஆனால் அந்தக் குரல்களைக் கேட்கிறவர்களின் முகங்களுக்காகவே அதை எத்தனை முறையும் பார்ப்பேன்.

வெற்றிமாறனின் 'விசாரணை'யில் காது வேறொன்றுக்காக ஏங்குகிறது. கோவையில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார் தன் சொந்த அனுபவத்தை எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து பிறந்து, 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்ட படம். குண்டூரில் பிழைக்கப் போன தமிழ் இளைஞர்கள், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கப்படுகிறார்கள். அடி விழும் சத்தத்தைவிட என்னை உலுக்கியது நீதிமன்றக் காட்சி. சுற்றிலும் தெலுங்கு. தங்கள் தலைவிதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது தெரிகிறது, என்ன பேசுகிறார்கள் என்பது தெரியவில்லை. அந்த நேரத்தில் வேறு வேலையாக அங்கே வந்திருந்த தமிழ்நாட்டுப் போலீஸ்காரர் ஒருவர், சமுத்திரக்கனி, அவர்கள் சொல்வதைக் கேட்டு நீதிபதிக்குத் தெலுங்கில் சொல்கிறார். தமிழைக் கேட்டதும் அந்தப் பிள்ளைகள் பேசத் தொடங்குகிற வேகம் இருக்கிறதே, அதில் படத்தின் முதல் பாதி முழுதும் இருக்கிறது. அதே மனிதரோடு சென்னைக்குப் போன பிறகு அவர்களுக்கு நேர்வதை நினைத்தால், அந்த நிம்மதியே வயிற்றைப் பிசைகிறது.

இன்னொரு சிறைக் கதையைச் சொல்லாமல் விட்டால் நம் வாசகர்களில் மூத்தவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஆன்றி ஷாரியரின் 'பாப்பியோன்' நூலைக் குமுதத்தில் 'பட்டாம்பூச்சி'யாகத் தமிழுக்குத் தந்தவர் ரா.கி. ரங்கராஜன். 1973இல் ஸ்டீவ் மெக்வீன் நடித்த படத்தில் தனிமைச் சிறைக் காட்சி ஒன்று வரும். பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். கதவிலுள்ள துளை வழியாக வரிசையாகத் தலைகளை நீட்டும் நேரத்தில், பக்கத்து அறைக் கிழவர், நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கிறார். நன்றாக இருக்கிறீர்கள் என்கிறான் நாயகன் பாப்பியோன். காலம் போய், அதே துளையில் தலையை நீட்டி அதே கேள்வியை அவன் கேட்கிறான். கண்ணாடி இல்லாத இடத்தில் தன் முகத்தை இன்னொருவர் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிறது.

அதே ரா.கி. ரங்கராஜன்தான் பின்னாளில் கமல்ஹாசனோடு சேர்ந்து 'மகாநதி'க்கு (1994) வசனம் எழுதினார். அந்தப் படத்தில் சென்னை மத்திய சிறைக்குள் நாயகன் கிருஷ்ணசாமிக்கு ஆறுதலாக இருக்கிற பஞ்சாபகேசனாக நடித்தவர் பூர்ணம் விஸ்வநாதன். அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்தவர். 1947இல் நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. அந்தக் குரலைக் கம்பிகளுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்த இயக்குநர் சந்தானபாரதிக்கும் கமலுக்கும் இந்தத் தொடர்பு மனதில் இருந்ததோ இல்லையோ, எனக்கு அந்தக் காட்சிகளில் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சிறை இன்று இல்லை. கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்ட பிறகு 2009இல் அதை இடித்தார்கள். இடிக்கும் முன் சில நாட்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது கூட்டம் அலைமோதியது. உங்களில் சிலர் அந்த வரிசையில் நின்றிருப்பீர்கள்.

நின்றவர்கள் எழுதுங்கள், உள்ளே என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டது என்று. சிறைத் துறையில் வேலை பார்த்தவர்கள், சிறைக்குள் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள், உறவினரைப் பார்க்க மனு போட்டுக் காத்திருந்தவர்கள், எல்லோரும் எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். 'பட்டாம்பூச்சி'யை வாராவாரம் காத்திருந்து படித்தவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: வீட்டில் குமுதத்தை முதலில் யார் பிரித்தார்கள், யார் உரக்கப் படிக்க யாரெல்லாம் உட்கார்ந்து கேட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கு இடம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்