பௌதிகவியலில் ஏ, சோல்டரில் பூச்சியம்

கொள்ளுப்பிட்டியில் நாங்கள் கூடுகிற மேல்மாடி அறையில் பழைய ஸ்டீரியோ அம்பிளிஃபையர் ஒண்டு இருக்கு. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு, எங்களில் ஒருத்தருடைய அப்பப்பா வாங்கியது. கொஞ்ச நாளாகப் பாட்டுக்குப் பின்னால் ‘ம்ம்ம்’ எண்டு இரையத் தொடங்கியது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மூடியைக்கூடக் கழற்றாமல், “தம்பியவை, இதை எறிஞ்சுபோட்டு புளூடூத் ஸ்பீக்கர் ஒண்டு வாங்குங்கோ” என்றார் அந்த அண்ணை.

அவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. கோபம் எங்கள் மேல்தான். அன்றைக்குப் போன ஐந்து பேரில் மூன்று பேர் உயர்தரப் பௌதிகவியலில் ஏ எடுத்தவர்கள். டையோட், திரான்சிஸ்டர், செயற்பாட்டு விரியலாக்கி என்று வெள்ளவத்தை டியூசன் வகுப்புகளில் கொப்பி கொப்பியாக வரைந்து தள்ளியவர்கள். சோல்டரிங் அயனைக் கையால் தொட்டவர் ஒருத்தரும் இல்லை.

இத்தனைக்கும் நோய் பாடத்திலேயே இருக்கு. எங்கள் வீட்டு மின் 50 ஹேர்ட்ஸ். முழு அலையாகச் சீராக்கினால் அது 100 ஹேர்ட்ஸ் துடிப்பாகும். அந்தத் துடிப்பை மட்டமாக்குவது பெரிய கப்பாசிட்டர்களின் வேலை. நாற்பது வருடத்தில் அவற்றின் உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துபோகும். பிறகு துடிப்பு நேரே ஸ்பீக்கருக்குத்தான் வரும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வெறும் போட் ஒண்டு, சீராக்கி, பழையதைவிடப் பெரிதாக 10,000 மைக்ரோபரட் கப்பாசிட்டர் இரண்டு வாங்கினோம். கொட்டாஞ்சேனையிலிருந்து வயதான றேடியோ பாஸ் ஒருத்தர் வந்து பக்கத்தில் இருந்தார். பவர் கொடுக்கும் முன், 60 வாட் குண்டு பல்ப் ஒண்டைத் தொடராகப் போடச் சொன்னார். எல்லாம் சரியென்றால் பல்ப் ஒருக்கா மின்னி மங்கிவிடும். எங்களுடையது மங்கவே இல்லை. எதிர்ப் பக்கத்தில் கப்பாசிட்டரின் நேர் முனைதான் புவிக்குப் போகவேண்டும். நாங்கள் தலைகீழாக வைத்திருந்தோம். அந்தப் பல்ப் இல்லாவிட்டால் அது வெடித்திருக்கும். வைத்தது ஏ எடுத்த கை. பிடித்தது பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட மனிதர். அவரைத்தான் எங்கள் வீடுகளில் “படிக்காட்டி இப்பிடித்தான் ஆவாய்” என்று காட்டி வெருட்டுவார்கள்.

கப்பாசிட்டரை மாற்றினோம். இரைச்சல் போய்விட்டது.

இது ‘பழசெல்லாம் பொன்’ என்கிற புலம்பல் இல்லை. வயர் ஒண்டுக்கு லட்சம் கொடுத்து ‘சூடான சத்தம்’ தேடுகிறவர்களோடு எங்களுக்கு வேலையுமில்லை. நாங்கள் கேட்பது இதுதான்: ஒரு பொருளைத் திறந்து பார்க்கிற உரிமை யாருடையது? அந்தக் காலத்துப் பல பெட்டிகளுக்குள்ளே சுற்று வரைபடமே ஒட்டியிருக்கும். இப்போது பற்றரியையே பசை போட்டு ஒட்டி விற்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2022இல் எரிபொருளுக்கே டொலர் இல்லாமல் வரிசையில் நின்ற நாங்களோ இன்னும் எறிஞ்சுபோட்டு வாங்குகிறோம்.

இந்த நாட்டின் வானொலிக் கதையை நினைத்துப் பாருங்கள். 1925இல் கொழும்பு வானொலி தொடங்குவதற்கு முன்னர், எட்வர்ட் ஹார்ப்பரும் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்களும் பரிசோதனை ஒலிபரப்புச் செய்தார்கள். அதற்கான கருவியைப் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒண்டின் பாகங்களிலிருந்து பொருத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. கழிவென்று எறிந்திருந்தால்?

பள்ளிக்கூட ஆய்வுகூடங்களுக்குச் சோல்டரிங் அயன் வரட்டும். பாஸ்மார் வாத்திமாராக வரட்டும். விற்கிறவர்கள் வரைபடத்தையும் தரட்டும். நீங்களும் தனியாக மூடியைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றினாலும் கப்பாசிட்டரில் மின் தங்கி நிற்கும். தெரிந்தவரைக் கூப்பிடுங்கோ, தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கோ, பக்கத்தில் இருந்து பழகுங்கோ. எறியிறது எப்பவும் செய்யலாம்.